தாழிக்காட்டிலும் கல்லறைத் தோட்டத்திலும் மெட்டல் டிடெக்டர்: ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: ஐயா, நான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமத்துக்காரன். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி வந்தேன். விடிகாலையில் திருச்செந்தூர் கடற்கரையில் சுற்றுவேன். காசு, திருகாணி, மெட்டி என்று ஏதாவது கிடைக்கும். ஒரு குடும்பம் குளிக்கும்போது தொலைத்த மோதிரத்தைத் தேடிக் கொடுத்தும் இருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பரம்பில், அதாவது சரளை மேட்டில், மண் அரித்துப்போய், முதுமக்கள் தாழிகளின் வாய் வட்டம் வட்டமாகத் தெரிகிறது. கருவியை வைத்தால் பல இடங்களில் சத்தம் கேட்கிறது. ஒரு சாண் கூடத் தோண்டாமல் ஒரு செம்பு வளையம் கிடைத்தது. அதை வீட்டில் வைக்கக் கூடாது என்று மனைவி சண்டை போடுகிறாள். அரசாங்கம் அந்த இடத்தைக் கண்டுகொள்ளவில்லை. நான் எடுக்காவிட்டால் சரளை அள்ளுகிற ஜேசிபி எடுத்துக்கொண்டு போய்விடும். ஆதிச்சநல்லூரில் ஜாகர் என்ற ஜெர்மன்காரர் தோண்டி எடுத்து பெர்லினுக்கே கொண்டு போனார். அவர் ஆராய்ச்சியாளர், நான் திருடனா? கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு உண்டு என்று படித்தேன், அது உண்மையா? இன்னொரு சங்கதி: எங்கள் திருச்சபைச் சேகரத்தின் பழைய கல்லறைத் தோட்டத்தில் சுற்றுச்சுவரை உள்ளே தள்ளிக் கட்டப் போகிறார்கள். அந்த ஓரத்தில் பெயர் தெரியாத கல்லறைகள் உண்டு. “உன்கிட்டதான் மிஷின் இருக்கே, வந்து பாரேன்” என்று கமிட்டியில் கூப்பிடுகிறார்கள். போகலாமா?
பெயர் வெளியிட வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்.

பதில்:

தம்பி, முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். பரம்புக்கு இனி அந்தக் கருவியோடு போகாதீர்கள். வளையத்தை ஒப்படைத்துவிடுங்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம், ஆனால் கமிட்டி மனசில் வைத்திருக்கிற வேலைக்கு இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் எழுப்பியிருக்கிற ஒவ்வொரு நியாயமும் நான் தொல்லியல் பணியில் இருந்த காலத்தில் நல்ல மனிதர்கள் வாயிலிருந்து கேட்டவைதான்.

திருச்செந்தூரில் நீங்கள் செய்வதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அலையில் நழுவின திருகாணியை அதன் சொந்தக்காரி தேடியிருப்பாள், கிடைக்காமல் அழுதுகொண்டே ஊருக்குப் போயிருப்பாள். அது தொலைந்த பொருள். கல்லறையில் இருப்பது எதுவும் தொலைந்ததில்லை. நம் ஊரில் பிணத்தின் நெற்றியில் ஒற்றை ரூபாய்க் காசு ஒட்டுகிறோம். கல்யாண மோதிரத்தைக் கழற்ற வேண்டாம், அப்படியே போகட்டும் என்று மகன் சொல்கிறான். பாட்டியின் கையில் ஜெபமாலையைச் சுற்றிப் பெட்டியை மூடுகிறார்கள். யாரோ ஒருவர் யோசித்து, கூட இருந்தவர்கள் பார்க்க, வேண்டுமென்றே வைத்தது அது. உங்கள் செம்பு வளையமும் அப்படித்தான். அதை வைத்த கை இரண்டாயிரம், மூவாயிரம் வருஷத்துக்கு முந்தையது என்பதால் வைத்தது தொலைத்ததாக மாறிவிடாது. ‘கிடைத்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வளையம் எங்கே இருக்க வேண்டும் என்று நினைத்தார்களோ அங்கேதான் இருந்தது.

சொந்தக்காரர் இல்லாத பிணம்தானே என்று கேட்கலாம். அந்தத் தாழியில் இருப்பவருக்குப் பேரன் பேத்தி என்று உரிமை கொண்டாட இன்று யாராலும் முடியாது, உண்மை. ஆனால் கேட்க ஆள் இல்லாத இடத்தில் நாம் எப்படி நடக்கிறோம் என்பதுதானே இந்தக் கேள்வியே. ஆள் இருக்கிற கல்லறையில் கை வைக்க நீங்களே துணிய மாட்டீர்கள்.

சரி, உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு என் தொழிலுக்கு வருகிறேன். உங்கள் கருவியில் இரும்பை ஒதுக்கிவிட ஒரு அமைப்பு இருக்கும். கடற்கரையில் ஆணியும் மூடியும் கத்திக்கொண்டே இருக்கும் என்பதால் எல்லாரும் அதைப் போட்டுவிட்டுத்தான் நடப்பார்கள். இரும்பு என்றால் குப்பை, செம்பு வெள்ளி தங்கம் என்றால் பொருள் என்று இந்தப் பொழுதுபோக்கு ஆட்களின் காதைப் பழக்கி வைத்திருக்கிறது. தாமிரபரணிக் கரையின் தாழிக்காட்டில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். அங்கே பொக்கிஷமே இரும்புதான். உங்கள் வீட்டிலிருந்து பைக்கில் போகிற தூரத்தில் இருக்கிற சிவகளையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தாழிகளுக்கு உள்ளேயும் வெளியேயும் கத்தி, அம்புமுனை, உளி, கோடரி, வாள் என்று இரும்புப் பொருள்கள் வந்தன. அந்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அறிஞர்களுக்குள் இதில் விவாதம் உண்டு, அது நடக்கட்டும். நான் உங்களுக்குக் காட்ட நினைப்பது வேறு. அந்த வருஷக் கணக்கை இரும்பு சொல்லவில்லை. இரும்போடு கிடந்த கரித்துண்டு சொன்னது, மட்பாண்டத் துண்டு சொன்னது. அதே சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடந்த நெல் கி.மு. 1155-ஐக் காட்டியது. கரி, ஓடு, உமி. மூன்றில் எதற்கும் உங்கள் கருவி வாய் திறக்காது.

மட்பாண்டத்தின் வயதைக் கணிக்கிற ஒரு முறையைச் சொன்னால் சங்கதி இன்னும் தெளிவாகும். சூளையில் சுட்ட நாளிலிருந்து ஓடும், கடைசியாக வெளிச்சம் பட்ட நாளிலிருந்து அதைச் சுற்றியுள்ள மண்ணும் இயற்கைக் கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் அதை அளந்து, எத்தனை வருஷமாகச் சேர்ந்தது என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரே நிபந்தனை, மாதிரி எடுக்கும்போது வெயில் படக் கூடாது. வெளிச்சம் பட்டால் சேமிப்பு அழிந்துவிடும். அதனால் கறுப்புத் துணி மூடி, ஒளி புகாத குழாயில் அடைத்து எடுக்கிறோம். நீங்கள் வெயிலில் ஒரு சாண் மண்ணைப் புரட்டிப் போட்டபோது, வளையம் மட்டும் கைக்கு வந்தது. அது எந்தக் காலத்தது என்று சொல்ல வாய்ப்பிருந்த சாட்சிகள் அந்த மண்ணோடு கலைந்துவிட்டன. எலும்பும் அப்படித்தான். கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை ஒரு ஈமக்காடு. அங்கே கிடைத்த மண்டையோடுகள் இரண்டை வைத்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூலில் உள்ள ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து முகங்களை மீட்டு உருவாக்கியிருக்கின்றன. பழைய எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுக்கிற வேலையும் நடக்கிறது. வியர்த்த கையோடு ஒருவர் தாழிக்குள் துழாவிவிட்டால் அவருடைய டிஎன்ஏவும் சேர்ந்துகொள்ளும். ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது மூவாயிரம் வருஷத்து மனிதரும் நீங்களும் கலந்த ஒரு கலவை.

‘தோண்ட மாட்டேன், சத்தம் வருகிற இடத்தை மட்டும் குறித்து வைக்கிறேன்’ என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பரம்பு ஊருக்கு வெளியே இருக்கிறது, ஆடு மேய்க்கிறவர்கள் வருகிறார்கள், பையன்கள் வருகிறார்கள். இயர்போன் மாட்டிக்கொண்டு ஒரு ஆள் குனிந்து குனிந்து நடப்பதையும் அங்கங்கே கல் வைத்து அடையாளம் போடுவதையும் பார்க்கிறவர்கள் உங்கள் ஆராய்ச்சி நோக்கத்தை விசாரிக்க மாட்டார்கள். புதையல் என்ற ஒரு சொல் போதும். நீங்கள் வைத்த கல்லே அவர்களுக்கு வழிகாட்டி. மறுநாள் இரவு கடப்பாரை வரும். கடப்பாரைக்காரர்கள் தாழியின் வாயைத் தேட மாட்டார்கள், வயிற்றில் ஒரே போடு. ஆதிச்சநல்லூரில் தங்க நெற்றிப்பட்டங்கள் கிடைத்த கதை சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும், கேட்க வேண்டுமா?

போதாக்குறைக்கு அந்தச் சரளையும் செம்மண்ணும் தன்னளவில் இரும்புச் சத்து நிறைந்தவை. உங்களுக்குக் கேட்டதாகச் சொல்லும் ‘பல இடங்களில்’ எத்தனை இடம் வெறும் மண் போட்ட சத்தமோ.

இனி ஜாகர். இது நல்ல கேள்வி, மழுப்ப விரும்பவில்லை. 1876-ல் ஆதிச்சநல்லூரில் அவர் தோண்டி பாண்டங்களையும் ஆயுதங்களையும் மண்டையோடுகளையும் பெர்லினுக்கு எடுத்துப்போனார். பிறகு தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் தோண்டி, பொருள்களுக்குப் பட்டியல் போட்டார். பட்டியல் நமக்கு இன்றும் உதவுகிறது. ஆனால் எந்தப் பொருள் எந்தத் தாழியில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று இன்றைக்கு நாம் கேட்கிற பல கேள்விகளுக்கு அதில் பதில் தேடினால் ஏமாற்றம்தான். சுதந்திர இந்தியாவிலும் பெருமைப்பட ஒன்றும் இல்லை. மத்தியத் தொல்லியல் துறை 2004, 2005-ல் தோண்டியதன் காலக்கணிப்பு கி.மு. 905 என்றும் கி.மு. 696 என்றும் வெளியே வந்தது 2019-ல், அதுவும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்த பிறகு. இதைச் சொல்ல எங்கள் தொழில்காரர்களுக்கு நாக்கு கூசும், நான் சொல்லிவிடுகிறேன். எனவே ‘துறை செய்தால் ஆராய்ச்சி, தனியாள் செய்தால் திருட்டு’ என்று முத்திரையை வைத்துப் பிரிக்க மாட்டேன். எழுதி வைக்காமல், வெளியிடாமல் தாழியைத் திறக்கிறவர் அரசு ஜீப்பில் வந்தாலும் தவறுதான் செய்கிறார். ஆனால் ஜாகரைக் காட்டி நீங்கள் வாங்க நினைக்கிற அனுமதி விநோதமானது. அவர் கொண்டுபோனதற்காக நூற்றைம்பது வருஷம் கழித்து உங்களுக்கே கோபம் வருகிறது. அதே காரியத்தைச் செய்யும் உரிமையை அந்தக் கோபத்தை வைத்தே கேட்கிறீர்கள்.

நீங்கள் பார்க்கிற வீடியோக்களில் பாதி இங்கிலாந்து வயல்களில் எடுத்தவையாக இருக்கும் என்பது என் ஊகம். அங்கே இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு நியாயம் சொல்கிறார்கள்: பல நூறு வருஷம் ஏர் உழுது புரட்டின மேல்மண்ணில்தான் தேடுகிறோம், அதில் இருப்பது ஏற்கெனவே இடம் மாறிய பொருள். ஓரளவு சரிதான். அப்படி உழவு மண்ணில் கிடைப்பதைப் பதிந்து வைக்க அங்கே 1997 முதல் ஒரு அரசுத் திட்டமே நடக்கிறது. ஆனால் அதே நாட்டில், பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தில் அனுமதி இல்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்தினாலே குற்றம் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தோண்ட வேண்டியதில்லை, கருவியை ஓட்டினாலே போதும். வீடியோ போடுகிறவர்கள் இந்தப் பகுதியைப் பெரிதாகப் பேசுவதில்லை. 2004-ல் கம்பிரியா மாவட்டத்தில் கம்விட்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில், வயலில் தேடிக்கொண்டிருந்த ஒருவருக்கு ஆடையில் குத்துகிற முட்டை வடிவ அணி (புரூச்) ஒன்று கிடைத்தது, பிறகு அதன் ஜோடியும். இப்படி ஜோடியாக அணிவது வைக்கிங் பெண்கள். இரண்டு சேர்ந்து கிடந்தால் கீழே கல்லறை இருக்க வாய்ப்பு அதிகம். அவர் மேற்கொண்டு குழி பறிக்காமல் சங்கதியைத் தெரிவித்தார். தொல்லியலாளர்கள் வந்து முறையாகத் தோண்டியபோது ஆறு பேருடைய கல்லறைகள் வெளிப்பட்டன, நான்கு ஆண்கள், இரண்டு பெண்கள். இங்கிலாந்தில் அப்படி ஒரு வைக்கிங் இடுகாடு கிடைப்பது அபூர்வம். அந்த மனிதர் அன்று சாயங்காலம் மட்டும் இன்னும் கொஞ்சம் தோண்டியிருந்தால் நல்ல நல்ல பொருள்கள் கைக்கு வந்திருக்கும், இடுகாடு போயிருக்கும். உங்களுக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவருக்குக் கீழே கல்லறை இருப்பது தெரியாது. உங்களுக்குத் தாழியின் வாயே கண்ணில் பட்டிருக்கிறது.

ஜேசிபி வாதம்தான் எனக்கு உண்மையிலேயே கஷ்டம் தருவது. சரளைக்காகப் பரம்புகள் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். இன்று மேடு, அடுத்த வருஷம் குளம். அப்படி அழிகிற இடத்தில் ஒரு வளையமாவது மிஞ்சட்டுமே என்று நினைப்பதில் என்ன தப்பு? தப்பு இதுதான்: வளையம் மிஞ்சினால் இடம் மிஞ்சாது. இடத்தைக் காப்பாற்ற அங்கே தாழிகள் இருக்கின்றன என்ற தகவல் காகிதத்தில் ஏற வேண்டும். அதற்கு டிடெக்டர் தேவையில்லை, உங்கள் செல்போன் போதும். இருப்பிடம் பதிகிற மாதிரி வைத்துவிட்டு, வெளியே தெரிகிற ஒவ்வொரு தாழி வாயையும் மேலிருந்து ஒன்று, தூரத்தில் ஒரு மரமோ பாறையோ தெரிகிற மாதிரி ஒன்று என்று படம் எடுங்கள். அளவுக்குப் பக்கத்தில் ஒரு அடி ஸ்கேல் வையுங்கள், தீப்பெட்டி வைத்தாலும் சரி. வாய் விளிம்பைச் சுத்தம் செய்து அழகாக்க வேண்டாம், உள்ளே இருக்கிற மண்ணைத் தொட வேண்டாம். கறுப்பு சிவப்பு ஓட்டுச் சில்லுகள் பரவிக் கிடக்கிற எல்லை எதுவரை என்று நடந்து பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண் கேட்டு வாங்குங்கள். சிவகளை துறையின் கவனத்துக்கு வந்ததில் உள்ளூர் வரலாற்று ஆசிரியர் ஒருவரின் விடாப்பிடிக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் கையில் இருந்தவை ஓட்டுச் சில்லுகளும் மனுக்களும்தான்.

லாரி நின்று சரளை அள்ளுகிறதைக் கண்ணால் பார்த்தால் போய் மல்லுக்கு நிற்காதீர்கள். வண்டி எண் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து படம், அன்றே வட்டாட்சியருக்குத் தகவல்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முக்கால் பங்கு என்று நீங்கள் படித்தது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில் என்று சொல்ல வேண்டும். உரிமை கோரி யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். அரசே வாங்கிக்கொள்ள நினைத்தால் பொருளின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலும் தரலாம். தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் பங்கும் போகும், ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு. எல்லாரும் முக்கால் பங்கு வரைக்கும் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை! ஏர் ஓட்டும்போது குடம் தட்டுப்பட்ட விவசாயியை மனசில் வைத்து எழுதிய சட்டம் அது. கருவியோடு போய் ஈமக்காட்டைக் கிளறியவர் பங்கு கேட்டு நின்றால், அங்கே உங்களுக்கு என்ன வேலை என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். மத்திய அரசோ மாநில அரசோ பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த இடம் என்றால் அனுமதியில்லாமல் மண்வெட்டியே படக் கூடாது. இடுகாட்டில் அத்துமீறி நுழைவது, பிணத்துக்கு அவமரியாதை செய்வது பற்றி பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-ஆம் பிரிவு பேசுகிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 297. பிறர் மனம் புண்படும் என்று தெரிந்தே செய்தால் ஒரு வருஷம் வரை சிறை. பரம்பைக் காட்டிலும் உங்கள் சேகரத்துக் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் இது நேரடியாகப் பொருந்தும்.

வளையத்தை என்ன செய்வது? முதலில், செய்யக் கூடாதவை. புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எலுமிச்சை, சாம்பல், கடையில் விற்கிற பளபளப்புத் திரவம், எதுவும் வேண்டாம். அந்தப் பச்சைக் களிம்புக்குள் துணியின் இழை பதிந்திருக்கலாம், நெல் உமியின் தடம் இருக்கலாம். பழைய உலோகங்களில் துருவே சில நேரம் துணியின் உருவத்தைப் பிடித்து வைத்திருக்கும், துணி மக்கிப் போன பிறகும். புளி ஒரு தேய்ப்பில் அதைக் கொண்டுபோய்விடும். தேங்காய் எண்ணெயும் தடவ வேண்டாம். மெல்லிய வெள்ளைத் தாளில் தளர்வாகச் சுற்றி ஒரு சின்ன டப்பாவில் வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் ஈரம் உறிஞ்ச ஒரு பொட்டலம் போட்டிருப்பார்களே, அதை ஒன்று டப்பாவுக்குள் போட்டு மூடுங்கள். எடுத்த குழியில் திரும்பப் புதைக்கிற யோசனையும் வேண்டாம். மனைவி அதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். திரும்பப் புதைத்தால் நாளைக்குத் தோண்டுகிறவர் அதை அந்த இடத்துப் பொருள் என்று நம்பிவிடுவார், இன்னொரு பொய்ச் சாட்சி சேர்ந்ததுதான் மிச்சம். அதற்குப் பதிலாக ஞாபகம் மங்குவதற்குள் உட்கார்ந்து எழுதுங்கள். தாழிக்கு உள்ளேயா வெளியேயா, விளிம்பிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், மண் என்ன நிறம், கூட ஓடு எலும்பு ஏதாவது வந்ததா. அந்த ஒரு பக்கம் வளையத்துக்குப் போன மதிப்பில் கொஞ்சத்தைத் திரும்பக் கொண்டுவரும்.

தோஷம் உண்டா என்பது என் துறை இல்லை. ஆனால் அது நம் வீட்டுச் சாமான் இல்லை என்று அந்த அம்மா சொல்கிறார் பாருங்கள், அதற்கு நான் மேலே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

இனிக் கல்லறைத் தோட்டம். கமிட்டியில் இருப்பவர்கள் என்ன நினைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள். மண்ணை வெட்டும்போது ஏதாவது பொன் வெள்ளி வந்தால் சேகர நிதிக்கு ஆகும் என்ற எண்ணமாக இருந்தால், நல்ல காரியத்துக்கு என்ற பெயரில் அதே வேலைதான். போக வேண்டாம். தவிர, பெரிதாக ஒன்றும் கேட்காது என்பதையும் சொல்லி வையுங்கள். பொழுதுபோக்குக் கருவிகள் காசு அளவுப் பொருளை ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் ஆழம் வரைதான் உணரும். பெட்டி இருப்பது ஐந்தடி ஆறடியில். மேலே கேட்பதெல்லாம் மலர்வளையத்தின் கம்பி, மெழுகுவத்தி ஏற்றின தகரம், கல்லறைத் திருநாளுக்கு வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன குளிர்பான மூடி. ஒன்றரைச் சாணில் பெட்டி ஆணி கேட்டால் அந்தக் கல்லறை முன்பே யாராலோ கலைக்கப்பட்டிருக்கலாம்.

ஆனால் உங்கள் கருவி நல்லது செய்ய அங்கே ஒரு வழி இருக்கிறது. பழைய கல்லறைகளில் இரும்புச் சிலுவை நட்டிருப்பார்கள். துருப்பிடித்து அடியில் ஒடிந்து, சாய்ந்து, புல்லும் மண்ணும் மூடி ஒரு விரல்கடை ஆழத்தில் கிடக்கும். பெயர் எழுதின தகடும் அதில் இருக்கலாம். கல்லறை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் சுவருக்கு அஸ்திவாரம் தோண்டுவதைவிட, அப்படி விழுந்து கிடக்கிற சிலுவைகளைக் கண்டுபிடித்துக் குச்சி நட்டு, வரைபடம் போட்டுக் கொடுத்தால் சுவர் எங்கே வரக் கூடாது என்று மேஸ்திரிக்குத் தெரியும். சிலுவையைப் பிடுங்க வேண்டாம், மண்ணைத் தள்ளிப் பெயரைப் படித்துக்கொண்டு அங்கேயே விடுங்கள்.

பெயருக்கும் உலோகத்துக்கும் உள்ள உறவைச் சொல்ல ஒரு உதாரணம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் வீரர்கள் கழுத்தில் தொங்கவிட்ட தகட்டின் நடுவில் ஒரு வரிசை துளைகள் இருக்கும். ஆள் இறந்தால் தகட்டை அந்த வரிசையில் ஒடித்து ஒரு பாதியைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டு, மறு பாதியை உடலோடு விட்டுவிடுவார்கள். கிழக்கு ஐரோப்பாவின் பழைய போர்க்களங்களில் டிடெக்டரோடு திரிந்து அந்தப் பாதித் தகடுகளை எடுத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எலும்பை எடுத்து முறையாக அடக்கம் செய்ய வருகிறவர்களுக்கு அப்புறம் அது யாருடைய எலும்பு என்று தெரிய வழியே இல்லை. எண்பது வருஷமாகத் தகவலுக்குக் காத்திருக்கிற ஒரு குடும்பத்துக்குப் பதில் கிடைக்காமல் போவது இப்படித்தான். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எழுத்துப் பொறித்த ஒரு மோதிரமோ தகடோ அதே வேலையைச் செய்துகொண்டிருக்கலாம்.

அதனால் போவதற்கு முன் கமிட்டியிடம் சிலவற்றை எழுத்தில் கேளுங்கள். தீர்மானம் போடட்டும், சேகர குரு கையெழுத்துப் போடட்டும். அடக்கப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கட்டும், பெயர் தெரியாது என்று நாம் சொல்கிற கல்லறைக்குப் பதிவேட்டில் பெயர் இருக்கும். ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புக் கொடுக்கட்டும். அந்த ஓரத்தில் என் தாத்தா இருக்கிறார் என்று சொல்ல ஒரு குடும்பமாவது எழுந்திருக்கும், சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ போன் வரும். தேடும்போது கமிட்டி ஆள் இருவர் கூட நிற்கட்டும், இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள். கையில் மண்வெட்டி வேண்டாம். எலும்பை இடம் மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் கமிட்டித் தீர்மானத்தை மட்டும் நம்பி இறங்க வேண்டாம், வருவாய்த் துறையிடம் எழுத்தில் கேட்டுவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். அப்போது பெட்டியிலிருந்து வருகிற ஆணி, கைப்பிடி, சிலுவை, மோதிரம் எதுவானாலும் அந்த எலும்போடே போக வேண்டும். இதற்கெல்லாம் நேரமில்லை என்று சொன்னால் சுவரை நாலடி வெளியே கட்டச் சொல்லுங்கள். செலவும் தகராறும் குறைவு.

யாராவது ஒருத்தி அடக்க வீட்டுக்கு வந்த இடத்தில் கம்மலைத் தொலைத்துவிட்டேன், கொஞ்சம் தேடித் தாருங்கள் என்று கேட்டால் தாராளமாகப் போங்கள். கமிட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, புல்லுக்கு மேலேயே தேடி எடுத்துக் கொடுங்கள். அது உங்கள் திருச்செந்தூர் வேலை.

பரம்பு விஷயத்தை ஆறப் போடாதீர்கள், அடுத்த மழைக்கு இன்னும் நாலு தாழி வெளியே வரும். வருகிற திங்கட்கிழமை தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஒரே மனுவில் இரண்டையும் எழுதுங்கள்: வளையம் கிடைத்த விவரமும் அதை ஒப்படைக்கிற சங்கதியும் ஒன்று, சர்வே எண்ணோடும் படங்களோடும் பரம்பைப் பார்வையிட்டுப் பாதுகாக்கக் கேட்பது இன்னொன்று. நகலை மாநிலத் தொல்லியல் துறைக்கும் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கும் அனுப்புங்கள். வளையத்தை எடுத்தது நீங்கள்தான் என்பதை மறைக்காதீர்கள், தோண்டியதையும் சேர்த்தே எழுதுங்கள். தானாக முன்வந்து சொல்கிறவரை அதிகாரிகள் பார்க்கிற விதம் வேறு. கவலையாக இருந்தால் மனுவைக் கொடுப்பதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடக் கூடாது. பொருளின் படம், எடை, பெற்றுக்கொண்டவர் பெயர், தேதி எல்லாம் இருக்கிற ஒப்புகைச் சீட்டு இல்லாமல் கை விடாதீர்கள். இப்போது நேரமில்லை, நாளைக்கு வா என்றால் டப்பாவோடு நாளைக்குப் போங்கள்.